வைத்தியர் பதில்கள்: எச்.ஐ.வி.யும் நமது நிர்ப்பீடனமும்

எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதன் பிறகு திருகோணமலை மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோள் அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது. ஆகவே எல்லாக் கடிதங்களிலும் பெயர்களை நீக்கிவிட்டே பதில் தருகிறோம்.

கேள்வி: மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு, நான் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எனக்கு டெங்கு வந்து, பத்து நாட்களில் உடம்பு தானாகவே அதை வென்றுவிட்டது. எச்.ஐ.வி.யும் ஒரு வைரசுதானே? அதை மட்டும் ஏன் உடம்பால் வெல்ல முடிவதில்லை? அது வெண்குருதிக் கலங்களை அழிக்கிறது என்று குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறோம். எப்படி அழிக்கிறது என்பதை விளக்குவீர்களா? – மாணவி, உவர்மலை

பதில்: எச்.ஐ.வி. எல்லா வெண்குருதிக் கலங்களையும் தாக்குவதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். மேற்பரப்பில் சி.டி.4 என்ற புரதத்தைக் கொண்ட கலங்கள்தான் அதன் இலக்கு. அவற்றுள் முதன்மையானவை டி உதவிக் கலங்கள். இவை தாமாகக் கிருமிகளைக் கொல்வதில்லை. ஆனால் பி கலங்கள் கிருமியைப் பற்றி முடக்கும் நல்ல தரமான பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதற்கும், கொல்லி டி கலங்கள் தொற்றிய கலங்களைத் தொடர்ந்து அழிப்பதற்கும், பெருந்தின்கலங்கள் தாம் விழுங்கிய காசநோய்க் கிருமியை உள்ளேயே அடக்கி வைப்பதற்கும் இவற்றிடமிருந்து இரசாயனச் செய்திகள் வந்தாக வேண்டும். கூத்துக் களரியில் கூத்தை நடத்தும் அண்ணாவியாரை மட்டும் அகற்றிவிட்டால் மத்தளம், சல்லரி, ஆடுவோர், பாடுவோர் எல்லோரும் இருந்தும் கூத்து நடவாது. எச்.ஐ.வி. உண்டாக்கும் நிலையும் அதுவே. ஏனைய கலங்கள் இருக்கும், ஆனால் எப்போது, எதை, எவ்வளவு செய்வது என்ற ஒழுங்கு குலைந்துவிடும்.

இனி அது உள்ளே நுழையும் விதத்தைப் பார்ப்போம். வைரசின் மேற்பரப்பில் உள்ள ஜி.பி.120 என்ற புரதம் முதலில் சி.டி.4 உடன் பொருந்துகிறது. பின்னர் சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற, கலத்தின் மேற்பரப்பிலுள்ள இரண்டாவது வாங்கியுடனும் பொருந்துகிறது. இரண்டும் அமைந்த பிறகே வைரசின் உறையும் கலத்தின் மென்சவ்வும் ஒன்றாகக் கலக்கின்றன. வைரசின் தகவல் ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியம் அதை டி.என்.ஏ.யாக மாற்றுகிறது. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மொன்தானியேயும் அவர்களுடைய குழுவினரும், ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து வளர்த்த கலங்களில் இந்த நொதியத்தின் செயற்பாட்டைக் கண்டே வைரசை இனங்கண்டனர். 2008இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்ததாக, இன்டெக்ரேஸ் என்ற நொதியம் அந்த டி.என்.ஏ.யை நமது கலத்தின் கருவுக்குள், நமது நிறமூர்த்தத்தின் நடுவிலேயே இணைத்துவிடுகிறது.

நீங்கள் கேட்ட டெங்குவிலிருந்து எச்.ஐ.வி. வேறுபடுவது இந்த இடத்தில்தான். டெங்கு வைரசு கலத்தின் குழியவுருவில் பெருகுமே தவிர நமது டி.என்.ஏ.க்குள் தன்னை எழுதிக்கொள்வதில்லை. தொற்றிய கலங்கள் அழிக்கப்பட்டதும் வைரசு எஞ்சியிருக்க இடமில்லை. எச்.ஐ.வி. அவ்வாறன்று. அது புகுந்த டி கலங்களில் ஒரு சிறு பகுதி, முன்பு கண்ட கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுக் கலங்களாக மாறி ஓய்வுநிலைக்குச் சென்றுவிடும். ஓய்வில் உள்ள கலம் வைரசுப் புரதம் எதையும் உண்டாக்காது. ஆகவே கொல்லி டி கலம் அதன் பக்கமாகவே சென்றாலும் அதைத் தொற்றிய கலமாக இனங்காண முடியாது.

வைரசின் மாறும் இயல்பும் இதனுடன் சேர்கிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் பிழையைத் திருத்தத் தெரியாத நொதியம். சிகிச்சை பெறாத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடி வைரசுகள் உருவாகின்றன என்று 1990களின் நடுப்பகுதியில் நடந்த ஆய்வுகள் கணக்கிட்டன. இத்தனை பிரதிகளில் இத்தனை பிழைகள் சேரும்போது, நேற்றைய வைரசுக்கென உடல் உருவாக்கிய பிறபொருளெதிரி இன்றைய வைரசுடன் பொருந்தாமற் போகிறது. போதாததற்கு ஜி.பி.120 புரதம் நமது உடலுக்கே உரிய வெல்லச் சங்கிலிகளால் தன்னை மூடிக்கொள்கிறது. நாற்பது ஆண்டுகள் முயன்றும் தடுப்பூசி கைகூடாமைக்கு இவை முக்கியமான காரணங்கள்.

வைரசு பெருகிக் கலத்தை வெடிக்கச் செய்கிறது என்று மாணவர்கள் எழுதுவது பாதி உண்மைதான். நிணநீர் இழையங்களில் இறக்கும் சி.டி.4 கலங்களில் மிகப் பெரும்பாலானவை வைரசை வெற்றிகரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தவை அல்ல. வைரசு நுழைந்து, அதன் டி.என்.ஏ.யாக்கம் பாதியில் நின்றுபோன கலங்கள் அவை. அந்த முற்றுப்பெறாத டி.என்.ஏ. துண்டுகளை உணர்ந்த கலம், அழற்சியைத் தூண்டும் ஒருவகைத் தன்னழிவில் இறங்குகிறது. அந்த அழற்சி மேலும் பல சி.டி.4 கலங்களை அவ்விடத்துக்கு அழைக்கிறது, வந்தவையும் இறக்கின்றன. தொற்றிய கலங்களைக் கொல்லி டி கலங்கள் அழிப்பதும் இழப்பைக் கூட்டுகிறது. பாதுகாப்புக்காக எழும் செயலே இழப்பைப் பெருக்குவதுதான் இந்நோயின் மிகக் கொடிய இயல்பு என்று நான் கருதுகிறேன்.

குருதியில் தெரிவதற்கு முன்பே இந்த இழப்பு குடலில் தொடங்கிவிடுகிறது. உடலின் நினைவு டி கலங்களில் பெரும்பகுதி குடற்சுவரில்தான் இருக்கிறது. தொற்றிய முதற் சில வாரங்களிலேயே அங்குள்ள சி.டி.4 கலங்களில் மிகப் பெரும் பகுதி அழிந்துபோகிறது. காவல் தளர்ந்த குடற்சுவரினூடாகப் பற்றீரியாக்களின் கூறுகள் குருதிக்குள் கசிவதால், நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதி ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றித் தூண்டப்பட்டு, களைத்து, விரைவாக மூப்படைகிறது. இருதய நோய், சிறுநீரக நோய் போன்றவை எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே தெரிவதோ மிகக் குறைவு. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, தோலிற் சிவப்புப் புள்ளிகள், நெறி கட்டுதல் ஆகியவை வந்து தாமாகவே மாறிவிடும். அதன் பின்னர், சிகிச்சை இல்லாவிடின், சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை பெரிதாக எதுவும் தெரியாது. ஆரோக்கியமான ஒருவருக்குக் கன மில்லிமீற்றர் குருதியில் 500 முதல் 1,500 வரை இருக்கும் சி.டி.4 எண்ணிக்கை அக்காலத்தில் ஆண்டுக்கு 50 முதல் 100 என்ற அளவில் குறைந்துகொண்டே போகும். 200க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் என்ற நிலை. மற்றவர்களை ஒன்றும் செய்யாத நியூமோசிஸ்டிஸ் என்ற பங்கசு சுவாசப்பையைப் பாதிப்பது இந்நிலையில்தான். 1981 யூன் மாதம் லொஸ் ஏஞ்சலிசில் ஐந்து இளைஞர்களிடம் காணப்பட்ட அந்த நியூமோனியாதான் உலகுக்கு இந்நோயை முதலில் அறிவித்தது.

கேள்வி: டொக்டர், என் கணவர் கட்டாரிலிருந்து வந்து ஒரு வருடமாகிறது. போன மாதம் இரத்தம் சோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னார்கள். சி.டி.4 430 என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவர் நல்ல திடமாக இருக்கிறார், கடலுக்கும் போகிறார். "வருத்தம் வந்தால் குளிசை போடுவோம்" என்கிறார். எனக்கும் பிள்ளைக்கும் இல்லையென்று முடிவு வந்தது. இனி நாங்கள் சேர்ந்து வாழலாமா? இன்னொரு பிள்ளை பற்றி நினைக்கலாமா? – ஊர் குறிப்பிட விரும்பாத ஒரு சகோதரி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் கணவர் மீது பழிச்சொல் இல்லை. இந்த நேரத்தில் அவருக்கு அது பெரும் பலம். அந்தப் பலத்தைக் கொண்டே அவரை இந்த வாரமே அரச பாலியல் நோய் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவர் திடமாக இருப்பது உண்மைதான். ஆனால் மேலே அந்த மாணவிக்கு எழுதியதைப் போல, உடல் திடத்துக்கும் நிர்ப்பீடனத்துக்கும் இந்த நோயின் முதல் ஆண்டுகளில் தொடர்பே இல்லை. 430 என்ற எண் சிகிச்சை தொடங்குவதற்கு நல்ல எண். வருத்தம் வரும்வரை காத்திருப்பது அதை 150 ஆகவோ 80 ஆகவோ குறையவிட்ட பிறகு தொடங்குவதாகும். மிகத் தாழ்ந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்குபவர்களில் பலருக்குப் பத்து ஆண்டுகள் மருந்து எடுத்தாலும் அது இயல்பு நிலைக்குத் திரும்புவதில்லை. 4,600க்கும் அதிகமானோர் பங்குபற்றிய ஸ்டார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடக் கடும் நோயும் மரணமும் பாதிக்கும் குறைவாக இருந்ததை 2015இல் அது காட்டியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், எண்ணிக்கை எதுவாயினும் எல்லோருக்கும் உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

உங்களைப் பற்றிய கேள்விக்கும் அதே மருந்துதான் விடை. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதியரை இந்தியா உட்பட ஒன்பது நாடுகளில் தொடர்ந்த ஆய்வொன்றில், உடனே மருந்து தொடங்கியதால் துணைக்குத் தொற்றுவது 96 வீதம் குறைந்தது. குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை தொடர்ந்தால் உடலுறவின் மூலம் தொற்றாது என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. பொதுவாக ஆறு மாதங்களுக்குள் அந்த நிலையை அடையலாம். அதை வைத்தியர் பரிசோதனையில் உறுதிசெய்யும்வரை ஆணுறை அவசியம். உங்கள் பரிசோதனையையும் வைத்தியர் குறிக்கும் திகதியில் மீளச் செய்ய வேண்டும். அதன் பின்னர் இன்னொரு பிள்ளையைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். தாய்க்கே தொற்று இருக்கும் குடும்பங்களிலும் இலங்கை இதைச் சாதித்திருக்கிறது: தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. கர்ப்பிணி கிளினிக்கில் தாய்மாரின் குருதி சோதிக்கப்படுவது அதற்காகவே.

ஒரே கோப்பையில் உண்பதாலும், உடுப்பைச் சேர்த்துத் தோய்ப்பதாலும், பிள்ளையை அவர் கொஞ்சுவதாலும் ஒன்றும் வராது. பிள்ளையை அவரிடமிருந்து விலக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நுளம்பு அதிகம். எச்.ஐ.வி. உள்ளவரைக் கடித்த நுளம்பு எங்களைக் கடித்தால் வராதா? – கிண்ணியா வாசகர்

பதில்: வராது. டெங்கு வைரசு நுளம்பின் குடற்கலங்களில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அடுத்த கடியின்போது உமிழ்நீருடன் வெளிவருகிறது. எச்.ஐ.வி. நுழையக்கூடிய கலங்கள் நுளம்பிடம் இல்லை. குருதியோடு உள்ளே சென்ற வைரசு அங்கே சமித்துப்போகும். நுளம்பு முன்னர் குடித்த குருதியை அடுத்தவரின் உடலில் செலுத்துவதும் இல்லை. நுளம்பு வலையை டெங்குவுக்காகப் பாவியுங்கள்.

கேள்வி: என் அண்ணாவுக்கு எச்.ஐ.வி. மருந்து தொடங்கியபோது சி.டி.4 60 தான் இருந்தது. தொடங்கி மூன்றாவது வாரத்தில் கடுங்காய்ச்சல் வந்தது, கழுத்தில் நெறி கட்டி வீங்கியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். இப்போது என்ன செய்வது? – மூதூர் வாசகி

பதில்: தங்கச்சி, இந்த இதழ் கையில் கிடைத்த அன்றே அண்ணாவை அவருடைய கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். நிறுத்திய மருந்தைத் தானாகவே மீண்டும் தொடங்கவும் விட வேண்டாம்.

நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது. ஆயினும் நீங்கள் எழுதிய ஒழுங்கு வைத்தியர்களுக்கு நன்கு பழக்கமானது. சி.டி.4 60 ஆக இருந்த காலத்தில் அவருடைய உடம்பில் காசநோய்க் கிருமி போன்ற ஏதாவது ஏற்கெனவே இருந்திருக்கக்கூடும். காய்ச்சல், வீக்கம், சளி ஆகியவற்றில் பெரும்பகுதி கிருமி நேரடியாகச் செய்வதல்ல, கிருமிக்கு எதிராக நிர்ப்பீடனம் செய்வது. நிர்ப்பீடனம் ஓய்ந்திருந்தபோது கிருமி இருந்தும் அறிகுறி இல்லை. மருந்து தொடங்கி வைரசு அடங்கியதும், எஞ்சியிருந்த டி உதவிக் கலங்கள் பெருகி வேலையைத் தொடங்குகின்றன. இதுவரை கவனிக்கப்படாத கிருமியை இனங்கண்டு பெரும் அழற்சியை எழுப்புகின்றன. இதனை நிர்ப்பீடன மீள்நிலை அழற்சி எனலாம். அண்ணாவுக்கு நடந்தது அதுவாயின், மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் விளைவு அது. மருந்தை நிறுத்துவதால் கிருமிக்கும் வைரசுக்கும் இடம் கொடுத்ததாகிவிடும்.

வைத்தியர் நெறியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்தும், சளியைச் சோதித்தும், எக்ஸ்றே எடுத்தும் பார்ப்பார். காசநோயானால் அதற்குரிய மருந்தும், தேவைப்பட்டால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட்டும் தருவார். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து, டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவைக் குருதியில் குறைத்துவிடுவதால் அந்தக் குளிசையை நாளுக்கு இரு முறை எடுக்கச் சொல்வார். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சி.டி.4 எண்ணிக்கை 200ஐத் தாண்டி நிலைக்கும்வரை, ஏனைய தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமொக்சசோல் குளிசையையும் விடக்கூடாது. கடுந் தலையிடி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல், மூச்செடுக்கக் கஷ்டம் ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு வருடமாகத் தினமும் இரவு உணவுடன் ஒரு குளிசை எடுக்கிறேன். கடைசி நான்கு பரிசோதனைகளிலும் வைரசு கண்டறியப்படவில்லை. அப்படியானால் அது போய்விட்டதுதானே? ரமழானில் ஒரு மாதம் நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாமா? – தோப்பூர் வாசகர்

பதில்: வஅலைக்கும் ஸலாம். ஆறு ஆண்டுகள் தவறாமல் எடுத்திருக்கிறீர்கள். அதன் பலன்தான் அந்த நான்கு முடிவுகளும். ஆனால் வைரசு போய்விடவில்லை. குருதியில் மிதக்கும் வைரசைத்தான் பரிசோதனை அளக்கிறது. ஓய்வுநிலையில் இருக்கும் நினைவுக் கலங்களின் டி.என்.ஏ.க்குள் எழுதப்பட்டிருப்பதை அது அளப்பதில்லை. மருந்தும் அதைத் தொடுவதில்லை. புதிய கலங்களுக்குள் வைரசு புகுந்து பெருகுவதை மட்டுமே மருந்து தடுக்கிறது. வைரசு ஒளிந்திருக்கும் அந்த ஓய்வுநிலைக் கலங்களின் தொகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் பிடிக்கும் என்று அளந்திருக்கிறார்கள். முழுதும் அற்றுப்போக 70 ஆண்டுகளுக்கு மேலாகும் என்பது அதன் கணக்கு. நினைவுக் கலங்கள் நீண்ட காலம் வாழ்வது நமது நன்மைக்காகவே. சிறுவயதில் போட்ட தடுப்பூசி முதிய வயதிலும் காப்பது அவற்றால்தான். வைரசுக்கும் அதே நீண்ட ஆயுள் கிடைத்துவிடுகிறது.

மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரசு மீண்டும் குருதியில் தோன்றும். ஒரு ரமழான் மாதம் அதற்குத் தாராளமாகப் போதும். சி.டி.4 எண்ணிக்கையைப் பார்த்து மருந்தை நிறுத்தி நிறுத்தி எடுக்கலாமா என்று 5,000க்கும் அதிகமானோரிடம் ஸ்மார்ட் என்ற ஆய்வு சோதித்துப் பார்த்தது. நிறுத்தியவர்களிடம் நோயும் மரணமும் கூடியதால், 2006இல் அந்த ஆய்வில் புதியவர்களைச் சேர்ப்பதை இடைநடுவில் நிறுத்திவிட்டு, எல்லோரையும் மீண்டும் மருந்துக்கு அழைத்தார்கள். நிறுத்தியவர்களுக்குக் கூடியவற்றில் இருதய நோயும் இருந்தது.

நோன்புக்கும் குளிசைக்கும் முரண்பாடே இல்லை. நாளுக்கு ஒரு முறை எடுக்கும் குளிசையாதலால் இப்தாருக்குப் பின் உணவுடன் வழக்கம்போல் எடுங்கள். அமிலத்தன்மைக்குக் குடிக்கும் மருந்து எதையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டாம். உங்கள் குளிசையில் டொலுடெக்ராவிர் இருந்தால், அவற்றில் உள்ள அலுமினியமும் மக்னீசியமும் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வேறு நோய்களுக்கும் மருந்து எடுப்பவராயின் ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே நேரங்களைப் பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து நாட்களுக்கு முன் ஒரு பிழை செய்துவிட்டேன். இப்போது சோதித்தால் தெரியுமா? திருகோணமலையில் என்னை எல்லோருக்கும் தெரியும். கிளினிக் வாசலில் யாராவது கண்டால் என்ன செய்வது? – இளைஞர், திருகோணமலை நகர்

பதில்: தம்பி, இப்போது சோதித்தால் அந்த நாளின் தொற்றுத் தெரியாது. வைரசின் பி24 புரதத்தையும் பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடப் பரிசோதனையில் பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுக்குள் தெரியவரும். விரலில் குத்திச் செய்யும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாட்கள் வரை எடுக்கலாம். தொற்றைத் தடுக்க 28 நாட்கள் எடுக்கும் மருந்தொன்று உண்டு. ஆனால் அது 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கப்பட வேண்டியது. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இதை வாசிக்கும் மற்றவர்கள் அந்த 72 மணித்தியாலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் இப்போதே ஒரு முறை செல்லுங்கள். அந்த நாளுக்கு முன்னைய உங்கள் நிலை தெரியும். ஏனைய பாலியல் நோய்களையும் பார்த்துவிடலாம். அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். விபரங்கள் இரகசியமாகவே வைக்கப்படும். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் தெரிந்தவர் காண்பார் என்ற தயக்கம் மேலோங்கினால், மட்டக்களப்பிலோ கண்டியிலோ கொழும்பிலோ உள்ள நிலையத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் 45ஆம் நாளில் ஒரு முறையும் 90ஆம் நாளில் ஒரு முறையும் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை ஆணுறையின்றி உறவு கொள்ளவோ இரத்ததான முகாமில் இரத்தம் கொடுக்கவோ வேண்டாம்.